எரியாத தோல்

எல்லாம் எரிந்திருந்தது. அந்தத் தோல் மட்டும் எரியவில்லை.

ஆரோக்கியசாமி டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, பழைய ஃபியட்டின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இருக்கைகளைக் கழற்றி வெளியே போட்டிருந்தார்கள். ஷெட்டின் தகரக் கூரைமேல் மத்தியான மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியிலிருந்து சுண்ணாம்பும் ஈர மயிரும் கலந்த வாடை தரையோடு ஊர்ந்து வந்தது. அதற்கும் அடியில், நான்கு மாதமாகியும் போகாமல், கருகிய ரப்பரின் நாற்றம் வண்டிக்குள்ளேயே தங்கியிருந்தது.

ஒயர்கள் உருகிக் கறுப்புக் கயிறாக ஒட்டிக் கிடந்தன. அவை இன்ஜின் பக்கம் போகும் ஓட்டை இரண்டு விரல் அகலம். தகட்டின் விளிம்பு ஒயரை அறுக்காமலிருக்க அங்கே ரப்பர் வளையம் போட வேண்டும். முன்பு இந்த வண்டிக்கு ஒயரிங் செய்தபோது அவன் சுற்றி வைத்தது தோல். டேனரி வாசலில் வெட்டுத்துண்டு சும்மா கிடைக்கும்போது ரப்பருக்கு யார் ஆற்காடு வரை போவார்கள்? மழைக்காலத்தில் தோலிலிருந்த உப்பு ஈரத்தை இழுத்தது. ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை, ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பியை முறுக்கி வைத்தான். அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை. ஒயர் பழுத்துச் சிவக்கும்வரை.

வண்டியின் சொந்தக்காரர் பக்தவச்சலம் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே செத்தார். சிகரெட்டால் பிடித்த தீ என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

வண்டியை மறுபடி ஓட வைக்க அவர் மனைவி அமிர்தவள்ளி அவனையே கூப்பிட்டபோது உடனே ஒத்துக்கொண்டான். வேறு எவன் பிரித்தாலும் தனக்கு ஜெயில். கம்பி ஏற்கெனவே சட்டைப் பையில் இருந்தது. தோல்தான் பாக்கி.

"இன்னா ஆரோக்கியம், சத்தத்தையே காணோம்?" கதவுப் பக்கம் அமிர்தவள்ளியின் குரல். "தூங்கிட்டியா?"

டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டான். "பழைய ஒயரை உருவுறேம்மா."

"அப்போ பண்ணியே ஒயரிங். ஃப்யூஸ் போட்டியா?"

"போட்டேம்மா. ஃப்யூஸ் இல்லாம யாராவது வண்டிய வெளிய வுடுவாங்களா?"

"அவரும் அதான் சொல்வாரு. ஆரோக்கியம் கை வெச்சா பேஜாரே இல்லன்னு." சிரித்தாள். "மிக்ஸி ரிப்பேரானாகூட ஒன்னத்தான் கூப்புடணும்பாரு."

அவனும் சிரித்து வைத்தான். தோலைத் தொட்டான்.

சூடாக இருந்தது. பேட்டரியை அவனே கழற்றித் தரையில் வைத்திருந்தான். சுற்றியிருந்த இரும்பு மழைக்குச் சில்லிட்டுக் கிடந்தது. அந்தத் தோல் மட்டும், காய்ச்சல்காரனின் கழுத்தைத் தொட்டதுபோல், ஈரமாக, உள்ளிருந்து சுட்டது. அவன் வைத்தபோது அது டேனரியில் குரோம் ஏற்றிய நீலத் தோல். இப்போது மாநிறம். டார்ச்சை மறுபடி பல்லால் கடித்து, முகத்தை நெருக்கினான். அதன்மேல் குட்டையாக நரைத்த மயிர்.

பிளேடை எடுத்தான். ஓரத்தில் ஒரு கீறல்.

கீறிய இடம் வெளுத்தது. பிறகு அங்கே சிவப்பாக, சின்னச் சின்னதாக, புள்ளிகள் துளிர்த்தன.

டார்ச் வாயிலிருந்து விழுந்து உருண்டது. வெளியே போய்விட வேண்டும். ஆனால் தோல் இங்கேயே இருக்கும். நாளைக்கு வேறொருவன் வருவான். இருட்டில் இரண்டு விரலை ஓட்டைக்குள் விட்டுத் தோலைப் பற்றி இழுத்தான். அது வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று துடித்தது. நிதானமாக. ஒன்று. இடைவெளி. ஒன்று.

"ஆரோக்கியம்." குரல் இப்போது மிக அருகில். "இன்னொரு தபா கேக்கறேன். ஃப்யூஸ் போட்டியா?"

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. போலீஸ் ஸ்டேஷன் வாசல் கண்ணுக்குள் தெரிந்தது.

"போட்டேம்மா."

"செரி."

தோல் இறுகியது.

விரலை உருவப் பார்த்தான். முடியவில்லை. உள்ளே போனது. மூன்றாவது விரல். நான்காவது. பிறகு கட்டை விரல். உள்ளங்கை மடங்கியது. முதலில் சத்தம்தான் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல். வலி அதற்குப் பின்னால் வந்தது.

"அம்மா! போடலம்மா! கம்பி வெச்சேன்! கம்பிதாம்மா வெச்சேன்!"

"தெரியும்."

அமிர்தவள்ளி வண்டியின் கதவைச் சாத்தினாள். அறைந்து அல்ல. தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல். அவள் செருப்புச் சத்தம் மழைக்குள் போய் மறைந்தது.

ஷெட்டில் வேறு யாருமில்லை.

மணிக்கட்டு ஓட்டையைத் தாண்டியது. அந்தப் பக்கம் விரல்களில் காற்று பட்டது. பிறகு வேறு விரல்கள் பட்டன. சூடாக. மேலெல்லாம் தீக்காயப் பொருக்கு. அவை அவனுடைய ஐந்து விரல்களையும் ஒன்றாகச் சேர்த்தன, நேராக்கின, ஒயர்க் கற்றையைக் கட்டுவதுபோல் மெல்லிய நூலால் நகத்திலிருந்து தொடங்கி, சுற்றுக்குச் சுற்று இறுக்கி, அவசரமே இல்லாமல் கட்டிக்கொண்டு வந்தன.