ஒற்றைக்காலில் ஒளிந்த பச்சை வளையம்

"லென்ஸை விடுடா! முதல்ல உன் காலை எடு!"

மணிமொழி கத்தினாள். அவள் தம்பி திருமாறன் விடுவதாக இல்லை. முக்காலியின் மூன்று கால்களும் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மேலே பூட்டியிருந்த அறுநூறு எம்.எம். லென்ஸ் மெல்லச் சாய, அதைக் கட்டிப்பிடித்தபடி அவனும் சாய்ந்தான். முழங்காலில் இருந்த சேறு இப்போது தொடைக்கு வந்துவிட்டது!

"ஜுலைஹா, பலகை!"

உப்பளத்தில் கேட்டு வாங்கி வந்த நீளப் பலகைகளில் ஒன்றை ஜுலைஹா சேற்றின் மேல் தள்ளினாள். திருமாறன் லென்ஸை அதில் கிடத்திவிட்டு, தானும் வயிறு பதியக் குப்புற விழுந்தான். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ப்ளக்! கால் வந்தது. செருப்பு வரவில்லை.

"என் பீரங்கிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் ஜுலைஹா, லென்ஸைத் தடவியபடி.

"எனக்கும் ஒண்ணும் ஆகலைக்கா. கேட்டதுக்கு நன்றி!"

கோடியக்கரையின் சேற்று வெளி அவர்களுக்கு முன்னால் வானம் தொடும் வரை விரிந்து கிடந்தது. அந்த எல்லையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள்! ஆயிரக்கணக்கில் நின்றன. அவற்றில் ஏதோ ஒன்றின் காலில் பச்சை வளையம் இருப்பதாக, போன வாரம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தார்.

அந்த வளையத்தை மாட்டியவள் மணிமொழி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே வலையில் சிக்கிய சாம்பல் நிற இளம் பூநாரைகளுக்கு இதே கரையில் மாட்டினாள். எங்கே போகின்றன, திரும்பி வருகின்றனவா என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்குப் பிறகு போன வாரம் வரை ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. வளையம் காலை அறுத்து அவற்றைக் கொன்றிருக்கும் என்று ஆராய்ச்சிக் குழுவில் பேச்சு கிளம்பியது. நாளைக்குக் கூட்டம். வளையம் போடும் வேலையையே மூடிவிடுவார்கள். மணிமொழிக்கு வேலை போவது பெரிதில்லை. 'நானே கொன்னுட்டேனா?' என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

"மொத்தம் எத்தனைக்குக்கா மாட்டினே?" என்று வரும் வழியில் திருமாறன் கேட்டிருந்தான்.

"முதல்ல ஒண்ணைக் கண்டுபிடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய லென்ஸைக் கொண்டு வந்தவள் மணிமொழியின் தோழி ஜுலைஹா. நாகூர்க்காரி, வங்கியில் வேலை, விடுமுறை நாளெல்லாம் காட்டில். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். திருமாறனிடம் இருந்ததோ ஒரு எழுபது-இருநூறு எம்.எம். ஜூம் லென்ஸ். வேதாரண்யத்தில் கல்யாணப் படம் எடுப்பவன் வேறு என்ன வைத்திருப்பான்?

"இதை வச்சு பொண்ணு மாப்பிள்ளையை எடு தம்பி. பறவைக்கு நீளம் வேணும்" என்று ஜுலைஹா காரிலேயே சிரித்திருந்தாள்.

இப்போது பலகையின் மேல் முழங்கையை ஊன்றி, பீரங்கியின் வழியாகப் பார்த்தாள். கூட்டத்தை மெதுவாகத் துழாவினாள்.

"மணி! பச்சை! இடது ஓரம்!"

மணிமொழி பாய்ந்து கண்ணை வைத்தாள். பச்சைதான்! ஆனால் பறவை முழுவதும் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளிந்தது. கால் வளைந்தது, நிமிர்ந்தது. வளையத்தில் பொறித்த எழுத்து கரைந்து ஓடியது.

"ஃபோகஸ் போயிடுச்சா?" என்றான் திருமாறன்.

"ஃபோகஸ் சரியாத்தான் இருக்கு. கானல்! வெயில் ஏறிடுச்சு. பறவையோட சேர்த்துக் கானலையும்ல இது பெரிசாக்குது!" ஜுலைஹா உதட்டைக் கடித்தாள். "லென்ஸ் நீளத்தைக் கூட்டுற கன்வர்ட்டரைப் போட்டு இன்னும் இழுக்கவா?"

"இழுத்தா நெளிவும் பெரிசாகும்" என்றாள் மணிமொழி. "எழுத்தைப் படிக்க முடியலைன்னா நாளைக்கு நம்ப மாட்டாங்க. கிட்ட போகணும்."

"அவ்வளவு கனத்தைத் தூக்கிட்டா? இதுலயா?"

மூவரும் சேற்றைப் பார்த்தார்கள். மதியத்துக்குள் சரணாலயத்தை விட்டு வெளியேற வேண்டும். அனுமதி அதுவரைதான்.

"பீரங்கி இங்கேயே இருக்கட்டும்" என்றான் திருமாறன். "கல்யாண லென்ஸ் வருது."

ஜுலைஹா துணிப்பையை எடுத்து லென்ஸை மூடினாள். பெருமூச்சு பெரிதாக வந்தது.

ஆளுக்கொரு பலகை. அதன்மேல் நெஞ்சை வைத்து, கைகளால் சேற்றைத் தள்ளி நீந்தினார்கள்! நண்டுகள் பயந்து வளைக்குள் ஓடின. உப்பு கண்ணில் எரிந்தது. கேமராவைத் தலையோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான் திருமாறன்.

"தலைப்பாகை நல்லாருக்கு மாப்பிள்ளை" என்று பின்னாலிருந்து ஜுலைஹாவின் குரல் வந்தது.

"அக்கா, சிரிக்க வைக்காதீங்க. வாய்க்குள்ள சேறு போகுது!"

கூட்டம் நெருங்கியது. கொக்கொக்கென்று அவை பேசிக்கொள்வது கேட்டது. மணிமொழி கையை உயர்த்தினாள். இதற்கு மேல் ஓர் அடிகூடக் கூடாது.

அதோ, பச்சை வளையப் பறவை! திருமாறன் கேமராவைத் தூக்கினான். அந்தக் கணம் பறவை ஒரு காலை மடக்கி வயிற்றுக்குள் செருகிக்கொண்டது.

வளையம் இருந்த காலை!

"அடப்பாவி" என்றான்.

காத்திருந்தார்கள். பறவை கழுத்தைச் சுருட்டி முதுகில் வைத்து உறங்கியே போனது. வெயில் முதுகைப் பொசுக்கியது.

"ஒரே ஒரு தடவை கை தட்டவா? காலை இறக்கிடும்."

"தட்டினா கூட்டமே கிளம்பிடும்" என்றாள் மணிமொழி, பல்லைக் கடித்து. "தின்ன விடாம விரட்டறதுக்கா வந்தோம்? ஏற்கெனவே அதுக்கு நான் செஞ்சது போதாதா?"

திருமாறன் தட்ட எடுத்த கையைக் கேமராவின் மேல் வைத்தான்.

சூரியன் உச்சியை நெருங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பியாக வேண்டும். அப்போதுதான் ஜுலைஹா திருமாறனின் காலைக் கிள்ளினாள்.

"அந்தப் பக்கம் பார். நரி!"

பூநாரைக் கூட்டத்துக்கு அப்பால், பதுங்கிப் பதுங்கி ஒரு நரி வந்தது. நின்றது. பாய்ந்தது!

சேற்று வெளி மொத்தமும் எழுந்து பறந்ததுபோல் இருந்தது. ஆயிரம் சிறகுகள் ஒன்றாக அடித்தன. நரிக்கு எதிர்ப்பக்கம் என்றால் இவர்கள் பக்கம்தான். நேராகத் தலைக்கு மேல்!

"மாறா! கால்! பறக்கும்போது ரெண்டு காலையும் நீட்டும்!" என்று கத்தினாள் மணிமொழி.

திருமாறன் பலகையிலிருந்து உருண்டு சேற்றில் மல்லாந்தான். தாலி கட்டும் நொடியில், பறக்கும் அட்சதைக்கும் எட்டிப் பார்க்கும் மாமன்மார் தலைகளுக்கும் நடுவே மணப்பெண்ணின் முகத்தைப் பிடித்துப் பழகிய கை அது. பறவைகள் கிட்டே வர வர ஜூமைப் பின்னால் திருகினான். பச்சை எங்கே? எங்கே? அதோ! சடசடசடவென்று கேமரா அடித்தது. நரி ஏமாந்து நின்றது. வானம் காலியானது.

திருமாறன் எழுந்து உட்கார்ந்தான். அவன் சட்டைக்குள் கை விட்டு, சேறு படாத ஒரு மூலையைத் தேடித் திரையைத் துடைத்தான். படத்தைப் பெரிதாக்கினான். நீட்டிய சிவப்புக் கால். பச்சை வளையம். வெள்ளையில் ஓர் எழுத்து, ஓர் எண். பளிச்சென்று!

"என்னோடதுதான்" என்றாள் மணிமொழி. "காலைப் பாரு. ஒரு கீறல் இல்லை."

கரையேறிக் காருக்கு வந்ததும், ஜுலைஹா முதலில் தன் பீரங்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு திருமாறன் தலையில் செல்லமாக ஒரு குட்டு.

"இந்தப் பீரங்கியை வச்சு எடுத்திருந்தா ஒரு இறகுதான் விழுந்திருக்கும் படத்துல. இனிமே யாராவது எந்த லென்ஸ் வாங்கலாம்னு என்கிட்ட கேட்டா, பறவை எவ்வளவு தூரம்னு கேக்க மாட்டேன். நீ எதுல நிக்கப் போறேன்னு கேப்பேன்!"

"என்னோடதுல கண்டதும் சேர்ந்து விழுதேக்கா. பாருங்க, சுத்தி எத்தனை பறவை. இதையெல்லாம் வெட்டிடலாமா?"

"மடிக்கணினியில போடு, பாக்கலாம்."

பெரிய திரையில் படம் விரிந்தது. நடுவில் அந்தப் பறவை. ஜுலைஹா ஓரத்தை வெட்டப் போனவள் விரலை எடுத்தாள். படத்தை மெல்ல நகர்த்தினாள்.

"மாறா... இது என்ன?"

மேல் மூலையில், பாதி மறைந்த ஒரு காலில் பச்சை. அதற்குப் பின்னால் இன்னொன்று. கீழே, சட்டத்தை விட்டு வெளியேறும் பறவையிலும் ஒரு பச்சைக் கீற்று.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." திருமாறன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "நாலு! அக்கா, இப்பவாவது சொல்லு. மொத்தம் எத்தனைக்கு மாட்டினே?"

மணிமொழி சேறு காய்ந்த இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாலுக்குத்தான்டா."