மூச்சு அட்டவணை

செவ்வாயில் தலைப்பிள்ளை பிறந்தால் முதலில் பெயர் வைப்பதில்லை; அட்டவணை போடுவார்கள். அன்றிலிருந்து அந்த வீடு தனிக்குடும்பம். வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு மூச்சு என்று காற்றுக்குழாய் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அதுவரை பிள்ளைக்கு விருந்தினர் காற்று. இன்றைக்குப் பிறந்த ஒரு பிள்ளைக்கு அது நான்கு மணியோடு நின்றுவிடும்.

மணி மூன்றேகால். பதிவுக்கூடத்தில் செங்கமலத்துக்குப் பதினோராவது தடவையாகச் சிவப்பு எழுத்து வந்தது: ‘ஒன்பதாம் வரி அருகே பிழை.’ அருகே என்றால் எங்கே? அதை மட்டும் இந்த இயந்திரம் சொல்லித் தொலைக்காது. ஒரு காற்புள்ளி வைத்தாள். பிழை பன்னிரண்டாம் வரிக்குத் தாவியது. அடைப்புக்குறியை மூடினாள், மறுபடி ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்தது. பத்தொன்பது வருடமாக இதே வேலை. அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

“இன்னும் ஆவலியாக்கா?” சன்னலுக்கு வெளியே பிள்ளையின் தகப்பன் அருமைநாயகம். “நாலு மணி வரைக்குந்தான்க்கா எம்புள்ளைக்கு…”

“தெரியும்யா. அதுக்குத்தானே மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.”

கண்காணிப்பாளர் புண்ணியகோடி எட்டிப் பார்த்தார். “யாரும்மா உங்களைப் புதுசா எழுதச் சொன்னது? ஏற்கெனவே ஓடினதை எடுத்துப் பேரை மாத்துங்க. இந்தாங்க, எங்க வீட்டுது. ஒரு பிழை வராம ஓடினது.”

நகலெடுத்தாள். எட்டு இடத்தில் பெயரை மாற்றினாள். பச்சை எழுத்து வந்தது. அருமைநாயகம் கையெடுத்துக் கும்பிட்டு, அழுதுகொண்டே மருத்துவமனைக்கு ஓடினான்.

“பாத்தீங்களா?” என்று புண்ணியகோடி தேநீர் குடிக்கக் கிளம்பினார். கதவு திறக்கவில்லை; அதன்மேல் எழுத்து ஓடியது: ‘இப்படி ஒருவர் இல்லை. விருந்தினர் காற்று: நாற்பது நிமிடம்.’ வீட்டிலிருந்து மனைவி தொலைபேசியில் அலறினாள். அங்கே நான்கு பேருக்கும் அதே அறிவிப்பாம்.

செங்கமலம் நகலின் முதல் வரிக்குப் போனாள். ‘இந்தப் பெயரில் பழைய அட்டவணை இருந்தால் அழித்துவிடு.’ அங்கே புண்ணியகோடியின் பெயர் அப்படியே இருந்தது. எல்லாக் கோப்பிலும் இருக்கிற வரிதான். யார் எழுதியதென்று யாருக்கும் தெரியாது. அவளும் இன்றுதான் படிக்கிறாள். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

“ஐயோ, புதுசா வேணாம்மா!” புண்ணியகோடிக்கு வியர்த்துக் கொட்டியது. “நேத்து ஓடுச்சே, வேறொரு கைக்குழந்தையோடது, அதை எடுங்க!”

“சார், இந்த முதல் வரியைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க…”

“படிக்கிறதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்? பேரை மாத்தி ஓட்டுங்க!”