அது என்ன பெயிண்ட், பவ்யா?

பவ்யாவுக்கு எப்போதுமே யோசனைக்கு முன்னால் வாய் ஓடும். "நான் செய்யறேன் சார்!" என்று கையைத் தூக்கிவிடுவாள். என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. சித்தூரில் அவள் படிக்கும் பள்ளியின் கோ-கோ அணி, அவளும் ஆடும் அணி, திருப்பதியில் நடக்கும் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. ஊர்த் துணிக்கடைக்காரர் ஒருவர் அணிக்கு டி-ஷர்ட் கொடுத்தார். வெள்ளை டி-ஷர்ட். வெள்ளை என்றால் வெறும் வெள்ளை. ஒரு கோடு கிடையாது, ஒரு பூ கிடையாது.

அணித் தலைவி ரக்ஷிதா ஒன்றை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள். "இதப் போட்டுக்கினு போனா, ஊசி போட வந்திருக்கோம்னு நினைப்பாங்க சார்."

விளையாட்டு ஆசிரியர் ஆதிநாராயணன் தலையைச் சொறிந்தார். "அதுக்கு இன்னா பண்றது? யாராவது கலர் அடிச்சா நல்லாத்தான் இருக்கும்."

"நான் செய்யறேன் சார்!"

யார் சொன்னது என்று சொல்லவே வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பவ்யா டி-ஷர்ட்டுகளைக் கட்டிலில் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இருந்தது ஒரு பழைய வாட்டர் கலர் டப்பா. அதில் நீலம் தீர்ந்துபோயிருந்தது. பச்சை காய்ந்துபோயிருந்தது. மிச்சம் இருப்பது தண்ணீர் பட்டாலே ஓடிவிடும்.

சமையலறையில் அம்மா தேவசேனா அடுப்புத் துணியைப் பிழிந்துகொண்டே முணுமுணுத்தாள். "எத்தனை தடவ அலசினாலும் இந்தச் சாம்பார்க் கறை போவேனாங்குது."

பவ்யா துள்ளி எழுந்தாள். போகாத கறை! அதுதானே அவளுக்கு வேண்டும்!

"அம்மா, மஞ்சத்தூள் இருக்கா? பெரிய அண்டாவும் வேணும்."

"எதுக்குடி? ஊருக்கே சமைக்கப் போறியா?"

அம்மா திட்டிக்கொண்டேதான் அண்டாவை இறக்கிக் கொடுத்தாள். பவ்யா டி-ஷர்ட்டுகளில் அங்கங்கே ஒரு கொண்டைக்கடலையை வைத்து, துணியோடு சேர்த்து ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். மாம்பழக்கூழ் ஆலையில் இரவு வேலை முடிந்து வந்த அப்பா, கிண்ணத்தில் இருந்த கடலையில் கை வைத்தார்.

"நைனா, துன்னாத! அது டிசைனு!"

நைனா வாயருகே போன கடலையை மரியாதையாகத் திரும்ப வைத்தார்.

மஞ்சள் தண்ணீர் கொதித்தது. டி-ஷர்ட்டுகள் அதில் ஊறின. சாயங்காலம் ரப்பர் பேண்டுகளை அவிழ்த்தபோது பவ்யாவே வாயைப் பிளந்துவிட்டாள். பளீரென்ற மஞ்சள். அதில் சின்னச் சின்ன வெள்ளை வளையங்கள். கொடியில் காயப்போட்டதும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பள்ளியில் ஒரே கூச்சல். ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ரக்ஷிதா தன் டி-ஷர்ட்டைத் தடவிப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்கு. அது இன்னா பெயிண்ட், பவ்யா?"

மஞ்சத்தூள் என்று சொல்லத்தான் பவ்யா வாயைத் திறந்தாள். ஆனால் ரக்ஷிதாவின் பார்வையைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. சாம்பார் சட்டை என்று சிரிப்பார்களே! வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"அது... பேப்ரிக் பெயிண்ட். திருப்பதியில எங்க மாமா இருக்காரு இல்ல? அவரு வாங்கிக் குடுத்தாரு."

திருப்பதியில் மாமா இருப்பது நிஜம். அலிபிரியில் மலையேறும் பக்தர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிறார். பெயிண்டுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

"துவைச்சா போயிடாதே?" என்று கேட்டாள் நஸ்ரின். வகுப்பில் பவ்யாவின் பக்கத்தில் உட்காருபவள் அவள்தான். அணியிலேயே வேகமாக ஓடுபவளும் அவள்தான்.

"போகவே போகாது!" என்றாள் பவ்யா.

போட்டிக்கு முந்தைய நாள் காலை. நஸ்ரின் வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"இன்னாச்சு?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

நஸ்ரின் பையிலிருந்து டி-ஷர்ட்டை எடுத்தாள். மார்பிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. அடிபட்டு ரத்தம் காய்ந்ததுபோல் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"தம்பி டீயக் கொட்டிட்டான். சோப்பு போட்டுத் துவைச்சேன். இப்படி ஆயிடுச்சு," என்றாள் நஸ்ரின். "நான் இன்னா பண்ணேன்னே தெரியல."

"இருக்கறதே ஆளுக்கு ஒண்ணு. அதப் பார்த்து வெச்சுக்கத் தெரியாதா உனக்கு?" என்று சீறினாள் ரக்ஷிதா. "எவ்ளோ நல்ல பெயிண்டு! பாவம், பவ்யா எவ்ளோ கஷ்டப்பட்டா!"

நஸ்ரின் பவ்யாவைப் பார்த்தாள். "மன்னிச்சுக்க பவ்யா. நான்தான் கெடுத்துட்டேன்."

எப்போதும் முந்திக்கொண்டு ஓடும் வாய், இப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. பவ்யாவுக்குக் காதுமடல் சுட்டது. மஞ்சள் ஏன் சிவப்பானது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால், அது பெயிண்டே இல்லை என்று தெரியும். துவைத்தால் போகாது என்று சொன்னது யார் என்றும் தெரியும். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள்.

"நான் நாளைக்கு வரல சார்," என்று நஸ்ரின் ஆதிநாராயணன் சாரிடம் சொல்வது கேட்டது. "எல்லாரும் அழகா நிக்கும்போது நான் இப்படி நிக்க மாட்டேன். எனக்குப் பதிலா வேற யாரையாவது கூட்டிக்கினு போங்க."

"அவசரப்படாதம்மா. காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வா, பாத்துக்கலாம்," என்றார் சார்.

நஸ்ரின் தலையை ஆட்டினாள். வருவேன் என்று ஆட்டினாளா, வரமாட்டேன் என்று ஆட்டினாளா, தெரியவில்லை.

அன்று மதியம் பவ்யா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பக்கத்தில் நஸ்ரின் டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தாள். அதைப் பார்த்தபிறகு பவ்யாவுக்குத் தன்னையே பிடிக்காமல் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. கமலம்மாவின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்திருந்தாள்.

"பவ்யா! மஞ்சளும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பும் போட்டு ஆரத்தி கரைச்சு எடுத்துக்கினு வா, சீக்கிரம்!" என்று தெருவிலிருந்தே அம்மா குரல் கொடுத்தாள்.

ஆரத்தித் தட்டை பவ்யா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆனால், அவள் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் சிவப்பாகத்தான் இருக்கும். கரைக்கிற வேலை அம்மாவுடையது. இன்றைக்குத்தான் அவள் கைக்கு வந்திருக்கிறது. பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தாள். அம்மா சொன்னபடி ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டு விரலால் கலக்கினாள்.

மஞ்சள் தண்ணீர் சிவந்தது. விரல் போன வழியெல்லாம் சிவப்பு.

பவ்யா அசையாமல் நின்றாள். இதே சிவப்பு. நஸ்ரின் டி-ஷர்ட்டில் இருந்த அதே சிவப்பு!

"தண்ணிய வெச்சுக்கினு தவமா பண்ற? பச்சக் குழந்தையோட வாசல்ல நிக்கறாங்க!"

ஓடினாள். அம்மாவும் கமலம்மாவும் ஆரத்தி சுற்றிக் குழந்தைக்குப் பொட்டு வைத்தார்கள். தட்டைத் துலக்கும் வேலை மறுபடி பவ்யா தலையில் விழுந்தது. பித்தளைக்குப் புளிதான் போட வேண்டும். புளியை நனைத்து ஓரத்தில் காய்ந்திருந்த சிவப்பின்மேல் தேய்த்தாள். சிவப்பு மறைந்து, அந்த இடம் மஞ்சளானது. இன்னொரு பக்கம் தேய்த்தாள். அங்கேயும் மஞ்சள்.

சுண்ணாம்பு பட்டால் சிவப்பு. சோப்பு பட்டாலும் அப்படித்தான் போலிருக்கிறது. புளிப்பு பட்டால் திரும்ப மஞ்சள்!

புளியைத் துணியில் தேய்த்தால் பழுப்புக் கறை பிடிக்குமே என்று ஒரு கணம் யோசித்தாள். ஆமாம், இந்த முறை யோசித்தாள். பிறகு கூடையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு நஸ்ரின் வீட்டுக்கு ஓடினாள்.

நஸ்ரின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பவ்யாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு அத்தனையும் பவ்யாவுக்கு மறந்துபோனது.

"அது பெயிண்டே இல்ல நஸ்ரின்," என்றாள். "எங்க வீட்டு மஞ்சத்தூள். நான் பொய் சொன்னேன். நீ எதையும் கெடுக்கல. சோப்பு பட்டா மஞ்சள் சிவப்பாயிடும். அது எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

நஸ்ரின் அவளை உற்றுப் பார்த்தாள். "பெயிண்ட் இல்லன்னு காலையிலயே தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. சாம்பார் சட்டைன்னு சிரிப்பாங்கன்னு..."

"உனக்கு வெக்கமா இருந்துச்சுன்னு நான் நாள் முழுக்க அழுதேன்," என்றாள் நஸ்ரின்.

பவ்யாவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "காலையில எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்," என்றாள்.

"ரக்ஷிதா முன்னாலயுமா?"

"ம்."

நஸ்ரின் உள்ளே போய், ஒரு பக்கெட் தண்ணீரும் டி-ஷர்ட்டும் கொண்டுவந்து வைத்தாள். "சரி. பழத்தப் பிழி."

எலுமிச்சம்பழத் தண்ணீரில் டி-ஷர்ட் மூழ்கியது. சிவப்புத் திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்து மஞ்சளாயின. நஸ்ரினின் தம்பி கைதட்டினான். "இன்னொருவாட்டி! இன்னொருவாட்டி!" என்று டீ டம்ளரோடு கிட்டே வந்தான். இருவரும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அணி முழுவதும் நின்றுகொண்டிருந்தது. பவ்யாவுக்குக் கால் பின்னுக்கு இழுத்தது. நஸ்ரின் பக்கத்திலேயே நின்றாள்.

பவ்யா எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சத்தூளை, மாமாவின் இளநீர்க் கடையை, நேற்றுச் செருப்பு வாரைச் சரிசெய்ததைக்கூட. "தப்பு என்னோடது. நஸ்ரின் மேல ஒண்ணும் இல்ல," என்று முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

ரக்ஷிதா பையிலிருந்து தன் டி-ஷர்ட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அதான் இதப் போட்டதுல இருந்து பசிச்சுக்கினே இருக்கா?" என்றாள்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "சாம்பார் டீம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பவ்யா எந்தச் சிரிப்புக்குப் பயந்தாளோ அதே சிரிப்புதான். காது சுடத்தான் செய்தது. ஆனால், நேற்று டப்பாவை மூடிய நஸ்ரின் இன்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்ததும் ரக்ஷிதா முதலில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். பிடித்துவிட்டு நஸ்ரினைக் கூப்பிட்டாள். "இங்க நீ உக்காரு. நேத்து நான் ரொம்பக் கத்திட்டேன்."

திருப்பதி மைதானத்தில் புதுச் சிக்கல் ஒன்று காத்திருந்தது.

"முதுகுல நம்பர் எங்க?" என்று கேட்டார் நடுவர். "நம்பர் இல்லாம ஆட விடமாட்டோம்."

ஆதிநாராயணன் சார் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒரு டி-ஷர்ட்டில் எழுதினார். மஞ்சள்மேல் வெள்ளை, எழுதியதும் தெரியவில்லை, அழித்ததும் தெரியவில்லை.

"நான் செய்—" என்று ஆரம்பித்த பவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு சொன்னாள், "நான் செய்யறேன் சார்."

மைதானத்துக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஒரு துண்டு சோப்பு கேட்டு வாங்கி வந்தாள். எல்லா டி-ஷர்ட்டுகளையும் முதுகுப்பக்கம் தெரியும்படி பெஞ்சில் விரிக்கச் சொன்னாள். சோப்பின் முனையைத் தண்ணீரில் நனைத்தாள்.

"என்னோடதுல மொதல்ல எழுது," என்றாள் நஸ்ரின்.

பவ்யா மெல்ல இழுத்தாள். ஈரம் பட்ட இடம் சிவந்தது. மஞ்சள்மேல் பளிச்சென்று சிவப்பாக ஒன்றாம் நம்பர்.

"ஓய்!" என்று கத்தியேவிட்டாள் ரக்ஷிதா.

அடுத்த டி-ஷர்ட்டில் இரண்டாம் நம்பரை எழுதும்போது பின்னால் கூட்டம் கூடிவிட்டது. எதிரணிப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கம்பெனி டி-ஷர்ட் போட்டிருந்த அவர்களுடைய தலைவி குனிந்து அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு! அது என்ன பெயிண்ட்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

நஸ்ரின் பவ்யாவைப் பார்த்தாள். ரக்ஷிதாவும் பார்த்தாள்.

பவ்யா நிமிர்ந்தாள்.

"பெயிண்ட் இல்ல. பசுப்பு!" என்று தெலுங்கிலேயே மஞ்சளின் பெயரை மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னாள். "எங்க வீட்டுச் சமையலறையில இருக்கறது. சாம்பார்ல போடறது. நீங்களும் செய்யலாம், ஆனா துவைக்கும்போது சோப்பு மட்டும் போட்டுடாதீங்க!"

சொல்லிவிட்டு, சோப்பை நனைத்துக்கொண்டு, மூன்றாம் நம்பரை எழுதக் குனிந்தாள்.