மறைத்து வைத்த விலாசம்

காலை ஏழரை மணிக்கு மூன்றாம் மாடி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நுழைந்த தங்கை, சமையலறை வாசலில் அக்காவைப் பார்த்தாள். வயிற்றிலும் கழுத்திலும் கத்திக்குத்து. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்திருந்தது.

கொன்றவனைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிலையத்தில், சட்டையில் ரத்தத்தோடு சிக்கினான். யாருக்குப் பயந்து அக்கா ஊர் மாறி வந்து ஒளிந்து வாழ்ந்தாளோ, அந்தப் புருஷன்.

“விலாசம் யார் கொடுத்தது?” என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

அவன் சிரித்தான்.

நாலாம் மாடிக்காரர் அழுதுகொண்டே சொன்னார். “முதல்ல என் வீட்டுக் கதவைத்தாம்மா தட்டினான். அந்தம்மா இப்ப கீழ் வீட்டுல இருக்காங்கன்னு நான்தான் வாயை விட்டுட்டேன்.”

“அக்காவுக்கு முட்டி வலி. போன மாசம்தான் நாலாம் மாடியில இருந்து மூணாம் மாடிக்கு வந்தா” என்றாள் தங்கை. “விலாசம் தெரிஞ்சது எனக்கும் ரெண்டு இடத்துக்கும்தான் மேடம். அடி வாங்குற பொண்ணுங்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினா. மூணு வருஷம் முன்னாடி அதுக்குப் பேர் பதிஞ்ச நிறுவனத்துக்குத் தெரியும். அப்புறம் ஒரு தேர்வுக் குழு. போன வாரம்தான் அவங்களுக்கு விண்ணப்பம் போட்டா.”

இணையதளப் பெயர்ப் பதிவுக் கொள்கையை மறுஆய்வு செய்ய ஒரு குழு அமைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரே இடம். கடைசிச் சுற்றில் இரண்டே பேர். ஒருத்தி, வக்கீலான அக்கா. நீதிமன்றம் சொன்னாலொழியப் பதிவு செய்தவர் விலாசத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்பது அவள் வாதம். இன்னொருவர், அவள் பெயர் பதிந்த அதே நிறுவனத்தின் மேலாளர்.

தேர்வுக் குழுத் தலைவர் கையைப் பிசைந்தார். “விண்ணப்பத்தை நாங்க அஞ்சு பேரும் பார்த்தோம். ஆனா வெளியே விடலைங்க.”

மேலாளர் தெம்பாகவே பேசினார். “நல்ல பொண்ணு, பாவம். எங்ககிட்ட கசிய வழியே இல்ல மேடம். மறைச்ச விலாசத்தை என்னைத் தவிர ஒருத்தராலும் திறக்க முடியாது. கொள்கை எதுக்கு, நிர்வாகம் ஒழுங்கா இருந்தா போதாதா?”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“விண்ணப்பத்துல இருக்கிறது மூணாம் மாடி. குழுவுல யாராவது சொல்லியிருந்தா, அவன் நேரா அங்க போயிருப்பான். ஆனா நாலாம் மாடிக் கதவைத் தட்டினான். அந்தப் பழைய விலாசம் இன்னும் மாறாம இருந்தது உங்க பதிவுல மட்டும்தான். அதை உங்களைத் தவிர யாராலும் திறக்க முடியாதுன்னு இப்ப நீங்களே சொன்னீங்க.”

மேலாளர் பாதி எழுந்தார். “புருஷன் வந்து மிரட்டுவான், அவ பயந்து வேற ஊருக்குப் போயிட்டா குழுவுல அந்த இடம் எனக்குன்னுதான் நெனச்சேன். கொல்லச் சொன்னேனா நான்?”

“ஓடி ஒளிஞ்சவளுக்கு ஓட இன்னும் ஊர் மிச்சம் இருந்துதா?”

விலங்கு பூட்டி அழைத்துப் போனார்கள்.

மாலையில் தலைவர் தங்கையைத் தேடிப் பிணவறைக்கு வந்தார். ஆறுதல் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அக்கா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினதா ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா, நாளைக்கே வேற ஆளைப் போட்டுடலாம்.”

தங்கை காகிதத்தைத் தொடவில்லை.

“அவ வாபஸ் வாங்கல. கொன்னுட்டாங்கன்னு எழுதிக்கோங்க.”