கல்மேல் வைத்த தேநீர்

பேருந்து நின்ற இடத்தோடு தார்ச்சாலை முடிந்தது. மராகெஷ் நகரப் பள்ளியிலிருந்து வந்த இருபத்து மூன்று பிள்ளைகளும் இறங்கியதும், "ஜோடி ஜோடியா நில்லுங்க," என்றார் ராவியா டீச்சர்.

பதினொரு ஜோடி சேர்ந்தது. இட்டோ மிஞ்சினாள்.

"அவளுக்குத்தான் வழிகாட்டியோட கழுதை இருக்கே டீச்சர்," என்றாள் ஷாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த நான்கு மாதத்தில் இட்டோவின் கையை யாரும் பிடித்ததில்லை. வரிசையின் கடைசியில், இருபத்து மூன்றாவது ஆளாக அவள் நடந்தாள்.

வழிகாட்டி பாஸ்ஸு கோவேறு கழுதையோடு முன்னால் போனார். பள்ளத்தாக்கில் வாதுமை பூத்திருந்தது. ஓடையின் சத்தம் வளைவுக்கு வளைவு மெலிந்து, பிறகு கேட்கவே இல்லை. கணவாயில், வழிப்போக்கர்கள் ஒவ்வொரு கல்லாக வைத்து ஆள் உயரத்துக்கு எழுந்திருந்த குவியலருகே அவர் தேநீர் காய்ச்சினார். முதல் கிளாஸைக் குவியல்மேல் வைத்தார்.

"அது யாருக்கு மாமா?" என்று கேட்டாள் ஷாமா.

"மலையிலேயே தங்கிட்டவங்களுக்கு. அதைக் குடிச்சுட்டா நம்ம பின்னால வரமாட்டாங்க. நீங்க தொடாதீங்க."

மற்ற கிளாஸ்களை ஜோடிக்கு ஒன்றாகக் கொடுத்தார். இட்டோவுக்கு வரவில்லை. எல்லோரும் பாறையோரம் படம் எடுக்கப் போனபோது, கல்மேல் ஆவி பறந்துகொண்டிருந்த கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டாள்.

புதினா மணக்கவில்லை. ஈர மண் மணத்தது.

இறங்கும் வழியில் மூடுபனி இறங்கியது. முன்னால் போனவளின் முதுகுப்பை முதலில் மங்கியது, பிறகு இல்லாமல் போனது.

"கையைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா நம்பர் சொல்லுங்க," என்று பாஸ்ஸுவின் குரல் வந்தது.

எண்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தன.

"இருபத்து மூணு," என்றாள் இட்டோ.

"இருபத்து நாலு."

அவளுக்குப் பின்னால்.

காதருகே.

முன்னால் கழுதையின் மணி நின்றது.

"யாரும் திரும்பாதீங்க," என்றார் பாஸ்ஸு. குரல் தாழ்ந்திருந்தது. "கல்லு மேல வச்சதை யாராச்சும் குடிச்சீங்களா? திட்டமாட்டேன். திரும்பிப் போய் ஒரு கிளாஸ் ஊத்தி வச்சா விட்டுடும். இப்பவே சொல்லிடுங்க."

இட்டோ வாயைத் திறந்தாள்.

அவள் விரல்களுக்குள் சின்ன விரல்கள் நுழைந்தன. ஓடைக் கல்லைப்போல் சில்லென்று இருந்தன. விட்டால் விழுந்துவிடுவதுபோல் பற்றிக்கொண்டன.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பேருந்தருகே டீச்சர் இரண்டு தடவை எண்ணினார். இருபத்து மூன்று. பாஸ்ஸு மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இட்டோ தலைகுனிந்து ஏறினாள். கடைசி இருக்கையில், சன்னலோரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அறிவியல் வகுப்பில், "ஜோடி சேருங்க," என்றார் டீச்சர்.

ஷாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இட்டோ யார் முகத்தையும் தேடவில்லை. மேசைக்கு அடியில் கையை நீட்டினாள். உடனே பிடி கிடைத்தது.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். வகுப்பறையில் ஈர மண் மணத்தது.

இட்டோ கையை உருவிப் பார்த்தாள்.

வரவில்லை.