தளவாய் கொண்டுவந்த தலை

எரியும் கோட்டையின் புகையும் அந்திச் செவ்வானமும் கலந்து வெள்ளாற்றைக் குருதி நிறமாக்கிக்கொண்டிருந்த வேளையில், ஆற்றங்கரையிலிருந்த சித்திர அச்சுக்கூடத்தின் கதவை ஈட்டிகள் பிளந்தன. குறுக்கே நின்ற காவற்கிழவன் கதவோடு சேர்ந்து சாய்ந்தான். அவனை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தவன், அன்று காலையில்தான் தன் அரசரை வெட்டிச் சாய்த்து அரியணையைப் பறித்த தளவாய் மதங்கராயன்.

வாசகர்களே, அரச குடும்பத்தாரின் உருவங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி, தாளில் அச்சிட்டு, ஊரூராக விற்பது ஏகாம்பரச் சித்திரகாரரின் குலத்தொழில். தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கி இருளாக்குவார்கள். பிறகு அந்த இருளைச் சுரண்டிச் சுரண்டி முகத்தை வெளியே கொண்டுவருவார்கள். இந்த வித்தையில் தந்தையை மிஞ்சிய மகள் அல்லியங்கோதை, இளவரசர் கனகசேனரை எதிரே அமர்த்தி வரைந்தவள். நெடுங்காலம் எல்லைப்புறத்தில் கிடந்த மதங்கராயனோ இளவரசரை அவளுடைய சித்திரத்தில் மட்டுமே கண்டவன். அடையாளம் சொல்லக்கூடிய அரண்மனைவாசிகளை எல்லாம் பகலிலேயே வெட்டித் தள்ளிவிட்டான், அந்த மகா புத்திசாலி!

மதங்கராயன் கையிலிருந்த பட்டுத்துணி மூட்டையை உதறினான். தந்தைக்கும் மகளுக்கும் எதிரே, மேசைமேல் ஒரு தலை உருண்டது.

"இவன் கனகசேனன்தானே? ஆம் என்றால் வேட்டை முடிந்தது. இல்லையென்றால் வாசலில் நிற்கும் என் குதிரைப்படை இப்போதே ஆற்றைக் கடக்கும்."

கோதைக்கு உலகம் இருண்டது. அது இளவரசரின் மெய்க்காவலன் கொற்றங்குமரன். தை பிறந்தால் அவளுக்கு மாலையிட வேண்டியவன். இளவரசரின் உடையை அணிந்துகொண்டு பகைவரைத் தன் பக்கம் இழுத்திருக்கிறான். இளவரசர் இன்னும் அக்கரைக் காட்டை எட்டியிருக்க மாட்டார். வாய் திறக்கப்போன தந்தையின் காலை அவள் அழுந்த மிதித்தாள்.

"இளவரசர்தாம், பிரபு."

"பொய்!" மதங்கராயனின் வாள்முனை ஏகாம்பரத்தின் கழுத்தில் பதிந்து இரத்தம் கசிந்தது. "உன் சித்திரத்தில் மூக்கு நேராக இருக்கிறது. இவன் மூக்கு கோணல்!"

மற்போரில் உடைந்த அந்த மூக்கை எத்தனை முறை கேலி செய்திருப்பாள்! அவள் சிரித்தாள்.

"கோணல் மூக்கோடு வரைந்தால் அரண்மனை ஏற்குமா? கடையில்தான் யார் வாங்குவார்கள்? தங்களை வரையும்போது கன்னத்து அம்மைத் தழும்புகளை வைக்கட்டுமா, நீக்கட்டுமா?"

மதங்கராயனின் கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போனது. பிறகு கூடமே அதிரச் சிரித்தான்.

"நீக்கிவிடு, பெண்ணே! ஆனால் இவனை இருக்கிறபடியே செதுக்கு. தெருவுக்குத் தெரு இவன் சாவு தொங்கட்டும்." வாசலை நோக்கிக் கூவினான்: "வேட்டை முடிந்தது! கோட்டைக்குத் திரும்புங்கள்!"

குளம்பொலி கோட்டைப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

"அழுதுவிடு, அம்மா," என்றார் ஏகாம்பரம்.

கோதை தன் முந்தானையால் கொற்றங்குமரனின் உதட்டிலிருந்த இரத்தத்தை மெல்லத் துடைத்தாள்.

"இன்று நான் அழுதால் இளவரசர் உயிரோடிருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும், அப்பா. அவர் படையோடு திரும்பட்டும். மதங்கராயனின் தலை மண்ணில் உருளும் நாளில்தான் இவருக்காக அழுவேன். இது இவர்மேல் ஆணை!"