கடைசி வரிசைக்குப் பின்னால்

மூன்றாவது பாட்டு தொடங்குவதற்கு முன்பே எவனோ ஒருவன் அதைச் சொல்லிவிட்டான்.

"இப்ப மெதுவா ஒரு பாட்டு வரும்," என்றது பதிவில் ஒரு ஆண் குரல். இடது காதுக்குச் சற்றுப் பின்னால், சாவதானமாக, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல. மெதுவான பாட்டுதான் வந்தது. பாதிப் பாட்டில், "இப்ப கிட்டார்க்காரனுக்குத் தந்தி அறும்," என்றது. டங்கென்று அறுந்தது. கூட்டம் சிரித்தது. வெர்னா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"யாரு ஆர்வோ இந்த வாயாடி? உன் மைக்குக்குப் பக்கத்துலயே நின்னு உயிரை வாங்கியிருக்கான்?"

ஜன்னலோர நாற்காலியில் போர்வைக்குள் கிடந்த அவள் அண்ணன், "வேணாம்," என்றான்.

பக்கவாதம் வந்த பிறகு ஆர்வோவிடம் மிச்சமிருந்த ஒரே சொல் அது. காபிக்கும் வேணாம், குளிருக்கும் வேணாம், பிடித்த பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வேணாம். வலது பக்க உதடு தொங்கிவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அந்த விசில் கேட்கும்வரை வெர்னாவுக்குக் கவலையில்லை. அது ஒரு நொடி தாமதித்தால் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வருவாள். டுலூத் நகரத்தில் அவளுக்கென்று இருந்தது இந்த வீடும் இந்த ஏரிக் காற்றும் இந்த அண்ணனும்தான். அவன் போய்விட்டால் அவள் யாரைத் திட்டுவாள்?

ஆர்வோ இளவயதில் கச்சேரி கச்சேரியாகப் போய்ப் பதிவு செய்தவன். பாட்டுக்காரர்களின் சம்மதத்தோடு, நீளக் கம்பில் இரண்டு மைக்கைக் கட்டித் தூக்கிப் பிடித்தபடி, இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொண்டு நிற்பவன். அப்படிப் பதிவு செய்கிறவர்களின் கூட்டத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. பதிவை விற்கக் கூடாது. மைக் பக்கத்தில் பேசக் கூடாது. கையில் வந்ததை வந்தபடியே அடுத்தவருக்குத் தரவேண்டும், ஒரு தும்மலைக்கூட வெட்டக் கூடாது. இப்போது அந்தக் கேசட்டுகளை வாரம் ஒன்றாக இணையத்தில் ஏற்றுவது வெர்னாவின் வேலை. கூடவே, ஊர் வாரப் பத்திரிகையில் அந்தக் காலத்தில் அவள் எழுதிய சினிமா விமர்சனம் ஒன்றையும் போட்டு, அதற்குக் கீழே, அன்றைக்கு ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று நாலு வரி எழுதுவாள். படிக்கிறவர்களுக்கு அந்தக் கோபம்தான் பிடித்திருந்தது.

இந்த வாரக் கேசட் பெட்டியின் அடியில், துணியில் சுற்றிக் கிடந்தது. கணினிக்கு மாற்றும்போதே நாடா சிக்கி நார்நாராகிவிட்டது. நல்லவேளை, பாட்டு முழுக்க வந்துவிட்டது. ஏற்றிய மறுநாளே புகார்கள். பின்னால் பேசுகிற ஆளைத் தூக்குங்கள், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை, அவன் குரல் நன்றாகவே இல்லை.

"வெட்டித் தொலைச்சிடறேன்," என்றாள் வெர்னா.

"வேணாம்."

"நீ எதுக்குத்தான்யா வேணும்னு சொல்லியிருக்கே? சூப்புக்கும் வேணாம், மாத்திரைக்கும் வேணாம்."

"வேணாம். வேணாம்." ஆர்வோவின் நல்ல கை நாற்காலிப் பிடியைத் தட்டியது. பசியாக இருக்கும் என்று நினைத்து ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக் காபியில் நனைத்து வாயில் வைத்தாள். அவன் மென்றான். கண்ணில் நீர் வந்தது. காபி சூடு போல.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்று காலை முழுக்க அந்தக் குரலைத் தேடித் தேடி வெட்டினாள். அவன் சொன்னதெல்லாம் சொன்னபடி நடந்தது, அது மட்டும் உறுத்தியது. இப்ப ஒருத்தி கீழே விழுவா. விழுகிற சத்தம். இப்ப அவன் தண்ணி குடிப்பான். பாட்டு நின்றது. ஏற்கனவே இந்தக் கச்சேரியைப் பார்த்தவன் போல. எல்லாவற்றையும் நீக்கி, பழையதன்மேலேயே சேமித்து, புதியதை ஏற்றினாள். பதிவு துடைத்த கண்ணாடியாக இருந்தது. அவளுக்குத் திருப்தி.

மதியத்துக்குமேல் விமர்சனத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். மஞ்சளாகிப்போன பத்திரிகைத் துண்டு. கடலோர வீட்டில் நடக்கும் ஏதோ பேய்ப்படம், சகிக்கவில்லை என்று திட்டி எழுதியிருந்தாள். கடைசிப் பத்தியைத் தட்டும்போது விரல் நின்றது.

'படத்தைவிட எனக்குப் பின்னால் இருந்த ஆள்தான் அதிகம் பயமுறுத்தினார். ஒவ்வொரு காட்சியையும் அது வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். தியேட்டர்காரர்கள் இவரை வெளியேற்றட்டும்.'

அந்த மாலை ஞாபகம் வந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்கப் போனவளின் கையைப் பிடித்து இழுத்தவன் ஆர்வோ. திரும்பாதே, அவன் படத்தைத்தானே சொல்றான், நம்மளைச் சொல்லலையே என்றான். வேடிக்கையாகச் சொல்கிறான் என்று அப்போது நினைத்தாள். அவர்கள் உட்கார்ந்திருந்தது கடைசி வரிசை.

அடுப்படியில் கெட்டிலை வைத்துவிட்டு வந்திருந்தாள். அதன் உறுமல் தணிந்து தணிந்து ஏறியது. ஜன்னல் சட்டத்தில் பனி உரசும் ஓசை, ஆர்வோவின் விசில், ஈரக் கம்பளிக் கையுறையின் வாசனை.

"இப்ப கெட்டில் கூவும்," என்றது ஒரு குரல்.

கெட்டில் கூவியது.

வெர்னா எழுந்திருக்கவில்லை. ஹெட்போன் மேசைமேல்தான் கிடந்தது. கணினியில் எதுவும் ஓடவில்லை. இடது காதுக்குச் சற்றுப் பின்னால், சாவதானமாக. ஆர்வோவைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் இடது தோளுக்குமேல், சற்று உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்," என்றான், மிக மெதுவாக.

லோவலுக்குப் போன் போட்டாள். ஆர்வோவோடு அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய கூட்டாளி, இப்போது அரிசோனாவில் வெயில் காய்கிறான்.

"லோவல், அந்தப் பழைய அரங்கத்துப் பதிவு. துணியில சுத்தி வச்சிருந்தானே, அது. ஆர்வோவுக்குப் பின்னாடி நின்னு பேசினது யாரு?"

"பின்னாடியா?" லோவல் சிரித்தான். "உங்கண்ணன் சங்கதி தெரியாதா உனக்கு? எந்த அரங்கத்துக்குப் போனாலும் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டுத்தான் நிப்பான். என் பின்னாடி ஆள் வரக்கூடாதும்பான். நாங்க பல்லின்னே கூப்பிடுவோம்."

"அப்ப பின்னாடி..."

"சுவர்தாம்மா. ஆமா, அந்த டேப்பை எதுக்கு எடுத்தே? மாட்டிக்கிட்டான், இதுலயே கிடக்கட்டும், யாருக்கும் தரமாட்டேன்னு பினாத்துவான். எவன்டா மாட்டினான்னு கேட்டா பதிலே வராது." அவன் குரல் மாறியது. "ஏய், வெட்டிகிட்டி வைக்கலையே நீ?"

"இப்ப விளக்கு போகும்," என்றது குரல்.

விளக்கு போனது. போனிலும் லோவல் இல்லை.

மாலை நாலரைக்கே வானம் சாம்பலாகியிருந்தது. பனியின் வெளிச்சம் மட்டும் ஜன்னல் வழியாக வந்து ஆர்வோவின் முகத்தில் பாதியை நனைத்தது. வெர்னா எழுந்தாள். குரலும் எழுந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் அதே இடது பின்பக்கம், அதே தூரம். இப்ப மேசையில இடிச்சுக்குவா. இடித்துக்கொண்டாள். இப்ப அழுவா. அழுகையை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"இப்ப அண்ணன்காரன்..."

"வாயை மூடு!" வெர்னா வீடே அதிரக் கத்தினாள். "மூடுடா நாயே! அவனைச் சொல்லாதே!"

நின்றது. ஆனால் போகவில்லை. பேச்சில் குறுக்கிட்டால் காத்திருக்கும் மனிதர்கள் உண்டல்லவா, அப்படிக் காத்திருந்தது. அவள் மூச்சு வாங்கியதும் மறுபடி தொடங்கியது. "இப்ப அண்ணன்காரன்..." கைகளால் காதைப் பொத்திக்கொண்டு சின்ன வயதுப் பாட்டு ஒன்றை வாய்க்கு வந்தபடி கத்திப் பாடினாள். எவ்வளவு நேரம் பாட முடியும்? அந்த வாக்கியம் முடியக் கூடாது. அதன் வாயிலிருந்து வந்ததெல்லாம் நடந்திருக்கிறது.

அப்போதுதான் தோன்றியது. ஆர்வோ அதைப் பிடித்து வைத்திருந்தான். நாடாவில். அவள்தான் வெட்டியெடுத்து, கதவைத் திறந்து வெளியே விட்டிருக்கிறாள்.

பாடிக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். ஆர்வோவின் பழைய பதிவுக் கருவி, பேட்டரியில் ஓடுவது. கம்பில் கட்டிய இரண்டு மைக். புதுக் கேசட்டின் உறையைப் பல்லால் கிழித்தாள். மேசை நாற்காலியில் தனக்குப் பின்னால் இடது பக்கமாக மைக்கைச் சாய்த்து வைத்து, ஆர்வோவுக்கு முதுகைக் காட்டி, கருவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வேணாம்," என்றான் ஆர்வோ பின்னாலிருந்து. "வேணாம். வேணாம்!"

"சும்மா இரு ஆர்வோ, உனக்காகத்தான்."

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பாட்டை நிறுத்தினாள்.

குரல் இல்லை.

கருவியின் கண்ணாடிக்குள் ஊசி ஆடியது. அறையில் சத்தமே இல்லை, ஊசி மட்டும் ஆடியது. நின்றது. ஆடியது. யாரோ பேசினால் எப்படி ஆடுமோ அப்படி. போகிறது, உள்ளே போகிறது என்று வெர்னா தனக்குள் சொல்லிக்கொண்டாள். வியர்வை கழுத்தில் இறங்கியது. பின்னால் ஆர்வோவின் விசில், சீராக, அமைதியாக. வேணாம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டான் பாவம். ஊசி வெகுநேரம் ஆடிவிட்டுக் கீழே விழுந்து கிடந்தது.

பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். காத்திருந்தாள். எதுவும் இல்லை. பனி உரசியது. விசில் கேட்டது. சிரிப்பு வந்தது அவளுக்கு. வாய்விட்டுச் சிரித்தாள். பிடித்துவிட்டாள். பல்லியின் தங்கை பிடித்துவிட்டாள். துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போடவேண்டும், ஒருத்தருக்கும் தரக்கூடாது.

ஆனால் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பதிவுக்காரர் எழுந்திருக்கிறார்? நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, ஹெட்போனை மாட்டினாள்.

ஆர்வோவின் விசில். அவள் பாடிய பாட்டின் கடைசி வரி. பிறகு அது.

"இப்ப அண்ணன்காரன் மூச்சு நிக்கும்."

பதிவில் விசில் ஒருமுறை நீண்டது. நின்றது.

வெர்னா அசையவில்லை. நாடா ஓடியது. காற்று. பனி. அவளுடைய சொந்த மூச்சு. வேறு மூச்சு இல்லை. எவ்வளவு கேட்டும் இல்லை.

"இப்ப இவ இதைப் போட்டுக் கேப்பா. இப்ப இவளுக்குப் புரியும். இப்ப காதுல இருக்கிறதைக் கழட்டுவா."

கழற்றினாள்.

பின்னால் விசில் கேட்டது. சீராக. அமைதியாக.

"ஆர்வோ?"

விசில்.

"ஆர்வோ, வேணாம்னு சொல்லு. ஒரு தடவை சொல்லு."

மடியில் கிடந்த ஹெட்போனுக்குள் எறும்பு அளவில் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. இப்ப திரும்புவா. திரும்பக் கூடாது. திரும்பாதே என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். கழுத்து தானாகத் திரும்பியது.

ஆர்வோ போர்வைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. போர்வை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தொங்கிப்போயிருந்த வலது உதடு இடது பக்கத்துக்குச் சமமாக ஏறி நின்றிருந்தது. வாய் குவிந்து, அவனைப் போலவே விசில் எழுப்பிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும் அதை நிறுத்தியது.

"இப்ப..." என்றது அண்ணனின் வாய். அவள் மடியிலிருந்த ஹெட்போனும் அதே சமயத்தில் அதையே சொன்னது.